பழ மஃபின்ல பழம் எவ்வளவு இருக்கணும்?

ஹெல்தி மஃபின்னு தேடிப் பாருங்க, கிடைக்கிற ரெசிபில பாதிக்கு மேல ஒரே வழிதான் சொல்வாங்க. சர்க்கரைய எடுத்துட்டு தேன் ஊத்து, மைதாவ எடுத்துட்டு கோதுமை மாவு போடு, எண்ணெயே வேண்டாம், முட்டையும் வேண்டாம், இப்படி ஒவ்வொண்ணா கழட்டிக்கிட்டே போவாங்க. கடைசில ஓவன்ல இருந்து வர்றது கனமா, சவசவன்னு, கடிச்சா பல்லுல ஒட்டிக்கிட்டு நிக்கும். வீட்ல யாரும் ரெண்டாவது எடுக்க மாட்டாங்க, அடுத்த வாரமே வெளிய வாங்குற பெரிய மஃபினுக்கு திரும்பிப் போயிடுவாங்க. அப்போ அந்த ஹெல்தி யாருக்கு என்ன பிரயோஜனம்?

என் கணக்கு வேற. எதை எடுக்கலாம்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி பழத்தை எவ்வளவு கூட்டலாம்னு யோசிங்க. பேருதான் பழ மஃபின், உள்ள பார்த்தா மேல மூணு பெர்ரி, நடுவுல ரெண்டு, மிச்சமெல்லாம் மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும். அதாவது பழம் அலங்காரத்துக்கு வந்துட்டுப் போகுது. அந்தப் பழத்துக்கிட்ட வேலைய ஒப்படைச்சுப் பாருங்க, இனிப்பு, ஈரம், மென்மை, வாசனை எல்லாத்துலயும் அது பங்கு எடுத்துக்கும், சர்க்கரையும் எண்ணெயும் தானா குறையும், யாரும் எதையோ பறிகொடுத்த மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு சாப்பிட வேண்டியதில்ல.

நான் வழக்கமா செய்யறது 12 மஃபினுக்கு இந்த அளவுதான். முழு கோதுமை மாவு 200 கிராம், ரோல்டு ஓட்ஸ் 50 கிராம், தோல் உரிச்சு மசிச்ச வாழைப்பழம் 250 கிராம், தயிர் 120 கிராம், முட்டை ரெண்டு, எண்ணெய் 60 மில்லி, பிரவுன் சுகர் 75 கிராம், அப்புறம் நறுக்கின பழமோ பெர்ரியோ 150 கிராம். பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், பேக்கிங் சோடா கால் டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், பட்டைத்தூள் ஒரு டீஸ்பூன். எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க, கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். அதுல பழம் மட்டும் 400 கிராம். பத்துல நாலு பங்கு பழம் இருக்கிற மஃபினைத்தான் பழ மஃபின்னு சொல்ல எனக்கு மனசு வருது.

போட்ட பொருளை வச்சு நானே கணக்கு போட்டேன், ஒரு மஃபினுக்கு சுமார் 180 கலோரி, நார்ச்சத்து 3 கிராம், மேல சேர்த்த சர்க்கரை 6 கிராம் சொச்சம். சாதாரண ரெசிபில 12 மஃபினுக்கு ஒரு கப், அதாவது 200 கிராம் சர்க்கரை போடுறது ரொம்ப சகஜம், அப்படிப் போட்டா ஒண்ணுக்கு 16, 17 கிராம், நாலு டீஸ்பூன் வந்துடும். வெளிய விக்கிற உள்ளங்கை நிறைய பெரிய மஃபின்ல 400 கலோரிய சாதாரணமா தாண்டும். அதனால சைஸும் ஹெல்தில ஒரு பகுதிதான், அதை யாரும் சொல்றதில்ல. சாதாரண மஃபின் டின்ல ஒரு குழிக்கு 80, 85 கிராம் மாவுக்கலவை போதும், அந்த ஜம்போ டின் வாங்கவே வாங்காதீங்க.

இப்போ தேன் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இதுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. சர்க்கரைக்கு பதிலா தேன் ஊத்திட்டா 'நோ சுகர்'னு எழுதிடறாங்க. உலக சுகாதார நிறுவனம் 2015ல ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டாங்க, ஒரு நாள் மொத்த கலோரில 10 சதவீதத்துக்குள்ள 'ஃப்ரீ சுகர்' இருக்கணும், 5 சதவீதத்துக்குள்ள கொண்டு வந்தா இன்னும் நல்லதுன்னு. 2000 கலோரி சாப்பிடுறவங்களுக்கு அந்த 5 சதவீதம்ங்கறது 25 கிராம், ஆறு டீஸ்பூன் அவ்வளவுதான். அந்த ஃப்ரீ சுகர் கணக்குல நாம மேல போடுற சர்க்கரை மட்டும் இல்ல, தேன், சிரப், பழ ஜூஸ், ஜூஸ் கான்சன்ட்ரேட் எல்லாமே அடங்கும். முழுப் பழத்துக்குள்ள இயற்கையா இருக்கிற சர்க்கரை அந்தக் கணக்குல வராது. ஆக தேன் ஊத்தினா வாசனை மாறும், நிறம் மாறும், கணக்கு மாறாது. தேன் பிடிச்சா தாராளமா போடுங்க, ஆனா 75 கிராம் சர்க்கரைக்கு பதிலா அரை கப் தேன் ஊத்திட்டு ஹெல்தின்னு சொல்லாதீங்க, அரை கப் தேன் 170 கிராம், அதுல முக்கால்வாசிக்கும் மேல சர்க்கரைதான்.

சர்க்கரைய அப்போ மொத்தமா எடுத்துட்டா என்ன? எடுக்கலாம், ஆனா சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லங்கறத தெரிஞ்சுக்கிட்டு எடுங்க. அது தண்ணியப் பிடிச்சு வச்சுக்கும், அதனால மறுநாளும் மஃபின் காயாம இருக்கும். மாவுல இழுவை கொடுக்கிற குளூட்டன்ங்கற புரதம் இறுகிப் போகாம பார்த்துக்கும், அதனால மென்மை. மேல பொன்னிறமா சிவக்கறதும் பெரும்பாலும் அதனாலதான். சாதாரண ரெசிபில கால் பங்கு, மூணுல ஒரு பங்கு குறைச்சா யாருக்கும் பெருசா தெரியாது, வேற எதையும் மாத்தவும் வேண்டாம். அதுக்கும் கீழ இறங்கணும்னா அந்த வேலைய வேற ஒண்ணு செய்யணும், இந்த ரெசிபில அது வாழைப்பழம். நல்லா பழுத்த வாழைப்பழத்துல சர்க்கரையும் இருக்கு, தண்ணியப் பிடிச்சு வைக்கிற பெக்டினும் இருக்கு.

நல்லா பழுத்ததுன்னா எப்படி? மஞ்சளா அழகா இருக்கிறது இல்ல. வாழை பழுக்கப் பழுக்க அதுல இருக்கிற மாவுச்சத்து சர்க்கரையா மாறிக்கிட்டே இருக்கும், காயா இருக்கும்போது மாவுச்சத்துதான் அதிகம், தோல்ல கரும்புள்ளி பரவி, தொட்டா அழுந்துற நேரத்துல கிட்டத்தட்ட எல்லாமே சர்க்கரையாகியிருக்கும். அப்படி ஆன பழத்தை உடனே பேக் பண்ண நேரம் இல்லன்னா தோலை உரிச்சு டப்பால போட்டு ஃப்ரீசர்ல தள்ளிடுங்க. தேவைப்படும்போது வெளிய எடுத்து வச்சா கொஞ்ச நேரத்துல பழம் துவண்டு, சுத்தி பழுப்பு நிறத்துல ஒரு திரவம் தேங்கி நிக்கும். பார்க்க ஒரு மாதிரிதான் இருக்கும், அதைப் பார்த்துட்டு கெட்டுப்போச்சுன்னு சிலர் கொட்டிடறாங்க. கொட்டாதீங்க! உறையும்போது ஐஸ் பழத்தோட செல்களக் கிழிச்சு விட்டுடுது, அந்த சாறுதான் வெளிய வந்திருக்கு, நல்ல வாசனையும் இனிப்பும் அதுலதான் இருக்கு. சாறோட சேர்த்தே மசிங்க, தனியா மத்து கூட வேண்டாம், ஃபோர்க்காலயே குழைஞ்சுடும். எடை மட்டும் சாறோட சேர்த்து 250 கிராம் வர்ற மாதிரி பார்த்துக்கோங்க.

வாழைப்பழ வாசனை பிடிக்காதவங்க இருக்காங்க, அவங்களுக்கு ஆப்பிள். தோலோட, பெரிய துளை இருக்கிற துருவியில துருவி, பிழியாம அப்படியே போடுங்க, பிழிஞ்சா நாம எதுக்காக ஆப்பிள் போடுறோமோ அதையே சிங்க்ல ஊத்துற மாதிரி ஆகிடும். அல்லது ஆப்பிளை கொஞ்சம் தண்ணி விட்டு வேக வச்சு மசிச்ச விழுது, சர்க்கரை சேர்க்காதது. ஆப்பிள்ல இனிப்பு வாழைய விட கம்மிங்கறதால சர்க்கரைய 90 கிராம் ஆக்கிக்குவேன், இல்லன்னா விதை எடுத்த பேரீச்சம்பழம் அஞ்சாறு வெந்நீர்ல ஊற வச்சு அரைச்சு சேர்ப்பேன். பேரீச்சை, உலர்திராட்சை எல்லாம் எடையில பாதிக்கு மேல சர்க்கரைதான், அதனால பழம்தானேன்னு கைநிறைய அள்ளிப் போடாதீங்க. ஊற வைக்காம போட்டா அது வேற மாவுல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிடும், பக்கத்துல இருக்கிற இடமெல்லாம் வறண்டு போகும்.

உள்ள துண்டா போடுற 150 கிராம் பழத்துக்கு என்னோட விருப்பம் பெர்ரிதான், முக்கியமா ப்ளூபெர்ரி. அதோட தோல் கெட்டியா இருக்கும், ஓவன் சூட்டுல உள்ளயே வெடிச்சு அந்த இடத்துல சின்னதா ஒரு ஜாம் குழி உண்டாகும், கடிக்கும்போது அங்க மட்டும் புளிப்பும் இனிப்பும் பொங்கி வரும். ஃப்ரோசன் பெர்ரி கிடைச்சா அதுவும் அருமை, ஆனா கரைய விடாம உறைஞ்சபடியே கடைசி நிமிஷத்துல போடணும், கரைஞ்சா மாவு முழுக்க சாம்பல் நிறமாகும். பேரிக்காய், பீச் எல்லாம் சின்னச் சின்னதா நறுக்கிப் போடலாம். அன்னாசி, ஸ்ட்ராபெர்ரி ரெண்டுலயும் தண்ணி அதிகம், அப்படியே போட்டா பழத்தைச் சுத்தி வேகாத மாவு மாதிரி ஒரு ஈர வளையம் நிக்கும். அன்னாசியையும் ஸ்ட்ராபெர்ரியையும் வாணலில அஞ்சாறு நிமிஷம் போட்டு தண்ணி சுண்ட விட்டு, ஆற வச்சு சேர்த்தா அந்தப் பிரச்சனை இல்ல, ருசியும் இறுகி நல்லா இருக்கும். தர்பூசணிய நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க, அது பத்துல ஒன்பது பங்கு தண்ணி.

பழம் அடில போய் உக்காராம இருக்க மாவுல புரட்டிப் போடுங்கன்னு எல்லாரும் சொல்வாங்க. அதுல கொஞ்சம்தான் பலன். நிஜமா தாங்கிப் பிடிக்கிறது கெட்டியான கலவை, சின்னத் துண்டு, அவ்வளவுதான். நான் பழம் சேர்க்கிறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு குழிலயும் ஒரு ஸ்பூன் வெறும் கலவைய போட்டுடுவேன், அப்புறம் மிச்சத்துல பழத்தைக் கலந்து மேல வைப்பேன். அடில பழம் படாததால கருகாது, டின்ல ஒட்டாது.

மாவு. முழு கோதுமைல தவிடும் முளையும் சேர்ந்தே இருக்கு, நார்ச்சத்து மைதாவ விட மூணு மடங்குக்கும் மேல. ஆனா அந்தத் தவிட்டுத் துகள்கள் குட்டிக் குட்டி பிளேடு மாதிரி, குளூட்டன் இழைகள அறுத்து விட்டுடும், அதனால உப்பறது குறையும். அதோட தவிடு தண்ணிய மெதுவா ஆனா நிறைய குடிக்கும். கலந்த உடனே ஓவனுக்குள்ள தள்ளினா அது குடிக்க நேரமில்லாம, சாப்பிடும்போது நாக்குல நறநறன்னு தவிடு தட்டுப்படும். இதுக்கு மருந்து ரொம்ப சுலபம், காத்திருக்கிறதுதான். ஓட்ஸை முதல்லயே தயிர்ல கலந்து 15 நிமிஷம் ஊற விடுங்க, அப்புறம் முழுக் கலவையும் தயாரானதும் இன்னும் 10 நிமிஷம் சும்மா விடுங்க. கலந்த நேரத்துல தளதளன்னு இருந்தது, பத்து நிமிஷம் கழிச்சு ஸ்பூன்ல எடுத்தா குவியலா நிக்கும், அந்த மாற்றத்தை கண்ணாலயே பார்க்கலாம். பேக்கிங் பவுடர் வீணாப் போயிடாதான்னு கேப்பாங்க. இப்போ கிடைக்கிறதுல பெரும்பாலும் ரெண்டு தடவை வேலை செய்யற வகை, ஈரம் பட்டதும் கொஞ்சம், ஓவன் சூட்டுல மிச்சம், அதனால பத்து நிமிஷம் அதுக்கு ஒண்ணும் ஆகாது.

முழு கோதுமை மாவு பழகாத வீடா இருந்தா முதல்ல பாதி மைதா பாதி கோதுமைன்னு ஆரம்பிங்க, அதுல ஒரு தப்பும் இல்ல. நாலு தடவைல நாக்கு தானா பழகிடும். மாவு பழசா இருந்தா மட்டும் போடாதீங்க, முளைல இருக்கிற எண்ணெய் நாளாக நாளாக காறல் அடிக்கும், அந்தக் கசப்பை எந்தப் பழமும் மறைக்காது. மோந்து பார்த்தாலே தெரியும். முழு மாவை காத்து புகாத டப்பால ஃப்ரிட்ஜ்ல வைக்கிறது நல்லது.

ஓட்ஸ் எதுக்குன்னா, அதுல பீட்டா குளூக்கன்னு ஒரு நார்ச்சத்து இருக்கு, தண்ணில கரைஞ்சு வழவழன்னு ஆகும். ஒரு நாளைக்கு அது 3 கிராம் போனா கெட்ட கொலஸ்ட்ரால் குறைய உதவும்னு நல்ல ஆதாரம் இருக்கு, அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 1997லயே ஓட்ஸ் பாக்கெட்ல இதை எழுத அனுமதி கொடுத்தாச்சு. ஆனா மஃபின்ல நாம போடுற 50 கிராம்ல மொத்தமே ரெண்டு கிராம் சுமார்தான், அது 12 பேருக்கு பங்கு. ஆகவே மஃபின் சாப்பிட்டு கொலஸ்ட்ரால் குறையும்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு ஓட்ஸ் வேண்டியது அந்த வழவழப்புக்காக, எண்ணெய் குறைச்ச இடத்தை அது நிரப்புது.

எண்ணெயப் பத்தி ஒண்ணு அழுத்திச் சொல்லணும். பூராத்தையும் எடுத்துட்டு பழவிழுது மட்டும் போட்டு செய்யற ரெசிபிகள் நிறைய இருக்கு, அதை நான் யாருக்கும் சொல்றதில்ல. கொழுப்புதான் மாவோட புரதத்தைப் பூசி, குளூட்டன் நீளமா கோர்த்துக்காம தடுக்குது. அது சுத்தமா இல்லன்னா மஃபின் இழுவையா ஆகிடும். பாதியளவு எண்ணெய்ய பழவிழுதா மாத்துறது சரி, அதுக்கு மேல வேண்டாம். 12 மஃபினுக்கு 60 மில்லிங்கறது ஒண்ணுக்கு ஒரு டீஸ்பூன்தான் வருது, இதுல போய் கஞ்சத்தனம் எதுக்கு? வெண்ணெய்ல வாசனை உண்டுதான், ஆனா அதுல பாதி நிறைவுற்ற கொழுப்பு, அதுவும் இல்லாம எண்ணெய்ல செஞ்ச மஃபின் மறுநாளும் மெத்துன்னு இருக்கும், வெண்ணெய் ஆறினதும் இறுகிடும். வாசனை இல்லாத எந்த எண்ணெயும் சரி.

செய்முறை ஒண்ணும் பெருசு இல்ல. மாவு, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, பட்டைத்தூள் ஒரு பாத்திரத்துல. இன்னொண்ணுல முட்டை, சர்க்கரை, எண்ணெய், மசிச்ச பழம், ஊறின ஓட்ஸ்-தயிர் எல்லாம் நல்லா அடிச்சுக் கலந்து வச்சுக்கோங்க, இங்க எவ்வளவு வேணும்னாலும் அடிக்கலாம். ரெண்டையும் சேர்த்த பிறகுதான் கைய கட்டணும். அடில இருந்து மேல மடிச்சு மடிச்சு பத்துப் பன்னெண்டு தடவை, காஞ்ச மாவு கண்ணுல படலைன்னா நிறுத்திடணும். அங்கங்க கட்டி தெரியும், தெரியட்டும், அது ஓவன்ல சரியாகிடும். கேக்குக்கு அடிக்கிற மாதிரி வழவழன்னு வர்ற வரைக்கும் அடிச்சா குளூட்டன் வலுத்துடும், உப்பற காத்து வெளிய போக வழியில்லாம கீழ இருந்து மேல நீளமா சுரங்கம் தோண்டிக்கிட்டுப் போகும். வெட்டிப் பார்த்தா அந்த நீளமான ஓட்டைகள் தெரியும், மேல்பக்கமும் உருண்டையா இல்லாம கூம்பா கூராகிடும். மிக்ஸர், பீட்டர் எதுவும் இதுக்கு வேண்டாம்.

உப்பு ஏன் இவ்வளவுன்னு எங்க அம்மா கேட்டாங்க. "ஏன்டி, இனிப்புப் பண்டத்துல போய் யாராவது அரை ஸ்பூன் உப்பு போடுவாங்களா?" "போட்டுப் பாருங்கம்மா, அப்புறம் சொல்லுங்க"ன்னேன். இப்போ அவங்கதான் உப்பு டப்பாவ எடுத்துக் கையில கொடுக்கிறாங்க. சர்க்கரை குறைச்ச பண்டத்துல உப்பு ரொம்ப முக்கியம், கொஞ்சமா இருக்கிற இனிப்ப தூக்கிக் காட்டும். பட்டை, வனிலா, ஆரஞ்சுத் தோல் துருவல் மூணும் அதே வேலைதான் செய்யும், இந்த வாசனைகள இனிப்போட சேர்த்தே நாக்கு பழகியிருக்கறதால இருக்கிறத விட இனிப்பா தோணும். ஆரஞ்சுத் தோலை வெறுமனே போடாம, அந்த 75 கிராம் சர்க்கரைல போட்டு விரலால தேய்ங்க, ஒரு நிமிஷத்துல சர்க்கரை ஈரமணல் கணக்கா ஆரஞ்சு நிறமாகி சமையலறை முழுக்க மணக்கும், தோல்ல இருந்த எண்ணெய் எல்லாம் சர்க்கரைக்குள்ள இறங்கியிருக்கும். வெள்ளைப் பகுதி மட்டும் வராம துருவணும், அது கசப்பு. இளஞ்சூடா சாப்பிட்டாலும் இனிப்பு கூடுதலா தெரியும்.

பேக்கிங் சோடா அளவுல மட்டும் கை தாராளமா இருக்கக் கூடாது. சோடாவுக்கு புளிப்பு வேணும், தயிரும் வாழைப்பழமும் பிரவுன் சுகரும் கொடுக்கிற புளிப்புக்கு கால் டீஸ்பூன்தான் கணக்கு. நல்லா உப்பட்டும்னு கூடப் போட்டா மிஞ்சின சோடா சோப்பு ருசி கொடுக்கும், அதோட ப்ளூபெர்ரிய சுத்தி பச்சை நிறம் வரும். பயப்படாதீங்க, பூஞ்சை இல்ல அது. பெர்ரியோட நிறமி ஆந்தோசயனின், புளிப்புல சிவக்கும், காரத்துல நீலமும் பச்சையுமா மாறும். சூரியகாந்தி விதை போட்டாலும் இதே கதை, ஆறினதும் விதையச் சுத்தி உள்ள பச்சைப் பசேல்னு இருக்கும், அதுல இருக்கிற குளோரோஜெனிக் அமிலம் சோடாவோட சேர்றதால வர்றது. ரெண்டுமே சாப்பிடலாம். சோடாவக் குறைச்சா நிறமும் அடங்கிடும்.

இந்த பேக்கிங் பவுடர் வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆல்ஃப்ரெட் பேர்ட்னு ஒரு ஆங்கிலேய வேதியியலாளர், அவர் மனைவிக்கு ஈஸ்டும் ஒத்துக்காது முட்டையும் ஒத்துக்காது. அவங்க சாப்பிடற மாதிரி ரொட்டி செய்யணும்னு 1843ல சோடாவையும் அமிலத்தையும் சேர்த்து பேக்கிங் பவுடர் கண்டுபிடிச்சார். முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரும் அதுக்கு முன்னாடியே அவர் அவங்களுக்காக செஞ்சதுதான். வீட்ல ஒருத்தரோட உடம்புக்கு ஏத்த மாதிரி சமைக்கணும்ங்கற அக்கறைல பிறந்த பொருள், அது இல்லன்னா இன்னைக்கு அரைமணி நேரத்துல மஃபின் ஏது? ஆமா, முட்டை சாப்பிடாதவங்களுக்கு: ஒரு முட்டைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் அரைச்ச ஆளி விதை, மூணு டேபிள்ஸ்பூன் தண்ணி, பத்து நிமிஷம் வச்சா கொழகொழன்னு ஆகிடும். கொஞ்சம் அடர்த்தியா வரும், ருசிக்கு குறைவில்ல.

ஓவனை முதல்ல 220 டிகிரி சூடு பண்ணிக்கோங்க. உள்ள வச்சு 5 நிமிஷம், அப்புறம் கதவைத் திறக்காமலே 180க்கு குறைச்சு 13ல இருந்து 15 நிமிஷம். ஆரம்பச் சூடு அதிகமா இருந்தா ஓரம் முதல்ல இறுகிடும், நடுப்பகுதி தொடர்ந்து எழும்பும், மேல அழகா குவிஞ்சு வரும். ஃபேன் ஓவன்னா ரெண்டுலயும் 20 டிகிரி குறைச்சுக்கோங்க. குழிய கிட்டத்தட்ட விளிம்பு வரைக்கும் நிரப்பலாம், இந்தக் கலவை கெட்டி, வழியாது.

இந்த இடத்துலதான் கவனமா இருக்கணும்: நிறத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. சர்க்கரை குறைவுங்கறதால சாதாரண மஃபின் அளவுக்கு மேல சிவக்காது. சிவக்கட்டும்னு இன்னும் அஞ்சு நிமிஷம் விட்டா உள்ள வறண்டுடும். விரலால நடுவுல லேசா அழுத்திப் பாருங்க, பள்ளம் விழாம எழும்பி வந்தா முடிஞ்சது. டூத்பிக் விடுறதா இருந்தா ரெண்டு இடத்துல விடுங்க, பழத்துல குத்தினா எப்பவும் ஈரமாதான் வரும். தெர்மாமீட்டர் இருந்தா நடுவுல 95 டிகிரி. எடுத்ததும் டின்லயே அஞ்சு நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம், வெளிய எடுத்து கம்பி ரேக்ல வைங்க, டின்ல கிடந்தா அதோட ஆவியே அடியை நனைச்சு சொதசொதன்னு ஆக்கிடும்.

பேப்பர் கப் விஷயம். கொழுப்பு குறைஞ்ச மஃபின் சாதாரண பேப்பர்ல பிடிச்சு ஒட்டிக்கும், சூட்டோட உரிச்சா கால்வாசி மஃபின் பேப்பரோட போயிடும். பேப்பருக்குள்ள துளி எண்ணெய் தடவலாம், சிலிகான் கப் வாங்கலாம், இல்ல பேப்பரே இல்லாம டின்ல எண்ணெய் தடவி நேரா ஊத்தலாம். நான் மூணாவதுதான் செய்யறேன், சுத்தி ஒரு மெல்லிசான மொறுமொறுப்பு கிடைக்கும், அது பேப்பர்ல வராது.

சர்க்கரை நோய் இருக்கிறவங்க இருக்கிற வீடுகள்ல இதைப் பத்தி தெளிவா பேசிடணும்னு நினைக்கிறேன். மேல சேர்த்த சர்க்கரை கம்மிதான், ஆனா மாவு, ஓட்ஸ், வாழைப்பழம் எல்லாம் சேர்த்து ஒரு மஃபின்ல 28 கிராம் அளவுக்கு கார்போஹைட்ரேட் இருக்கு. ஹெல்தின்னு பேர் வச்சதால மூணு சாப்பிடலாம்னு ஆகாது. எங்க வீட்ல சுகர் இருக்கிறவங்களுக்கு ஒண்ணு, அதுவும் சாப்பாட்டுக் கணக்குல சேர்த்து. வாழைப்பழத்துக்கு பதிலா ஆப்பிளும், மேல பெர்ரியும், கூட ஒரு கைப்பிடி நறுக்கின வால்நட்டும் போட்டா அவங்களுக்கு இன்னும் நிதானமா இருக்கும். குழந்தைங்களுக்கு செய்யறீங்கன்னா மேல சர்க்கரை தூவறது, சாக்லேட் சிப்ஸ் போடுறது எல்லாம் ஆரம்பிக்காதீங்க, ஒரு தடவை ஆரம்பிச்சா பழத்தோட ருசி அவங்களுக்கு கேக்காமலே போயிடும். வெளி மஃபின் பழகின நாக்கா இருந்தா முதல் தடவையே 75 கிராம் வேண்டாம், 120ல ஆரம்பிச்சு தடவைக்கு கொஞ்சம் கொஞ்சமா இறங்குங்க, யாருக்கும் சொல்லாம இறங்குங்க.

இவ்வளவு பழம் போட்டா அதுக்குரிய பராமரிப்பும் வேணும். ஈரமும் அதிகம், காப்பாத்துற சர்க்கரையும் குறைவு, அதனால வெளிய வச்சா ரெண்டு நாள்தான், வெக்கையான காலத்துல ஒரு நாள். டப்பால அடில ஒரு டிஷ்யூ பேப்பர் போட்டு, முழுசா ஆறின பிறகு மட்டும் மூடுங்க. ஃப்ரிட்ஜ் சுலபமான வழின்னு தோணும், ஆனா அந்தக் குளிர்ல மாவுச்சத்து சீக்கிரம் இறுகி மஃபின் பழசான மாதிரி வறட்டும். ஃப்ரீசர்தான் சரி. ஆறினதும் ஒவ்வொண்ணையும் தனித்தனியா சுத்தி, ஒரு ஜிப் கவர்ல காத்து எடுத்து வச்சா ரெண்டு மாசம் வரைக்கும் ருசி குறையாது. சாப்பிடணும்னா மைக்ரோவேவ்ல அரை நிமிஷம் போதும், மெத்துன்னு வரும். நேரம் இருந்தா 160 டிகிரி ஓவன்ல உறைஞ்சபடியே பன்னெண்டு நிமிஷம் வைங்க, உள்ள சூடேறும், மேல இருக்கிற அந்த மொறுமொறுப்பும் திரும்ப வந்துடும்.